சாவி யாருகிட்ட இருக்கும், அப்புனு?

வா அப்புனு, திண்ணையில குக்கிக்கோ. கையில என்ன காயிதம்? மனுவா? படி பாக்கலாம். “காரமடை நகராட்சி மக்களின் நீண்ட நாள் கனவான நவீன வணிக வளாகம்...” அடேயப்பா! எனக்கு எழுவத்தாறு வயசாச்சு, இந்தக் கனவு ஒரு நா ராத்திரிகூட வல்லியே. எனக்கு வர்றதெல்லாம் போருல தண்ணி வத்திப்போற கனவுதான். போச்சாது உடு. கையெழுத்துத்தானே, போட்டுத் தாறேன். ஆனா அதுக்கு ஒரு கூலி இருக்குது. அப்பச்சி பேசி முடிக்கற வரைக்கும் போனை எடுக்கப்படாது.

உங்க சண்டையை நானும் டீக்கடையில உக்காந்து காதுல வாங்கிட்டுத்தான் இருக்கறேன். 2021 வரைக்கும் நம்மூரு பேரூராட்சி. அப்பெல்லாம் டீக்கடையில பழமைன்னா மழையும் கறிவேப்பிலை வெலையுந்தான். நகராட்சின்னு போர்டை மாத்துனாங்க பாரு, அன்னையில இருந்து ஆளாளுக்கு மாடி கட்டறாங்க. அரசாங்கத்துல ஒரு உத்தரவு இல்லை, ஒரு லோடு செங்கல்லு எறங்கலை. ஆனா டீக்கடையில மூணு மாடி எந்திரிச்சு, மேல சினிமாத் தியேட்டரும் வந்து, லிப்டும் ரிப்பேராகிப் போச்சு.

ஒரு கட்சி, பழைய கடைகளை எல்லாம் எடுத்துப்போட்டுட்டு ஏசி மாலு கட்டோணுங்குது. இன்னொரு கட்சி, ஒரு ஓட்டைக்கூடத் தொடப்படாதுங்குது. ரெண்டு கட்சி ஆளுங்களையும் அவுங்கவுங்க அப்பன் காலத்துல இருந்து எனக்குத் தெரியும். “நம்ம மண்ணோட சந்தையைக் காப்பாத்தோணும்”னு மைக்கு இல்லாமயே கத்தறாரே ஒருத்தரு, அவரு ஊட்டுக்கு வாரத்துல மூணு நாளு பார்சல் வண்டி வருது. உப்புகூட அதுலதான் வருது. “ஏழை வியாபாரி எங்கீங்க போவான்”னு துண்டுல கண்ணைத் தொடைக்கறவரு, ஏலத்துல கடையை எடுத்து உள்வாடகைக்கு உட்டுட்டு, வெடியால எட்டு மணிக்குமேல எந்திரிக்கற ஏழை. மாலு வேணுங்கற பசங்களைப் பாத்தாத்தான் பாவமா இருக்குது. அவனுங்களுக்கு வேண்டியது காசு செலவில்லாம சோடி சோடியா உக்காந்து பேச ஒரு குளுகுளு எடம். அதை வெளிய சொல்ல வெக்கம். அதனால ‘பொருளாதார வளர்ச்சி’ங்கறானுக. என்ன முழிக்கறே? உன்னையச் சொல்லலை சாமி. நீ பொருளாதாரத்துக்காகத்தான் கேக்கறே, தெரியும்.

அப்புறம் ஒருத்தன் சொன்னாம் பாரு, அதுக்கு நான் டீயைக் கீழ வெச்சுட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டுல ஊட்டிக்குப் போற காரு அத்தனையும் நம்மூரு வழியாத்தானே போவுது, மாலு இருந்தா நின்னு ஏசியில இளைப்பாறிட்டுப் போவாங்களாம். ஏனப்புனு, குளுருக்காகவே பெட்ரோல் போட்டுட்டு மலையேறப் போறவன், அடிவாரத்துல எறங்கி நம்மூரு ஏசியை எதுக்கு வாங்கறான்?

சரி, கட்டறதுன்னு ஆகிப்போச்சு. எப்படிக் கட்டுனா வெரசா நாசமாப் போகும்னு அனுபவப்பட்ட ஊருங்க நெறைய இருக்குது. அந்த வழியை நாஞ் சொல்றேன், உங்க மனுவுக்குப் பின்பக்கம் எழுதிக்கோ.

மொதல் காரியம், யாரை வேண்ணாலும் கேளு, கடைக்காரனை மட்டும் கேட்டுறாதே. இஞ்சினீயரைக் கேளு, கவுன்சிலரைக் கேளு, பாங்குக்காரனைக் கேளு. கடையில உக்காரப் போறவனைக் கேட்டா அவன் ஏதாச்சும் குறை சொல்லுவான். இந்த ரோசனையைத் திருச்சியில சுத்தமாக் கடைப்புடிச்சாங்க. காந்தி மார்க்கெட்டுன்னு வெள்ளைக்காரன் காலத்துச் சந்தை. ஊருக்கு நடுவுல லாரியும் மூட்டையும் நெருக்கியடிச்சு, ராத்திரியெல்லாம் நகர முடியாத கூட்டம். மாத்தோணும்னு நெனச்சதுல தப்பே இல்லை. மதுரை ரோட்டுல, கள்ளிக்குடியில 77 கோடி ரூவாய் செலவழிச்சு நூத்துக்கணக்குல கடை கட்டி, 2017-ல தெறந்தும் வெச்சாங்க. ரிப்பன் வெட்டுனாங்க, கை தட்டுனாங்க. அல்லாரும் போனதுக்கு அப்புறம் பாத்தா வியாபாரியக் காணோம்!

அவுங்க சொன்னது என்ன தெரியுமா? கடை சின்னதா இருக்குது, லோடு எறக்குனா மூட்டைக்கே எடம் பத்தாது, அப்புறம் நான் எங்க நிக்கறதுன்னாங்க. ஊருல இருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்குது, தள்ளுவண்டிக்காரன் அத்தனை தூரம் வந்து கத்திரிக்கா எடுத்துட்டுப் போனா அவனுக்கு என்ன மிச்சம்னாங்க. மொத்த வியாபாரத்தை மட்டும் அங்க கொண்டுட்டுப் போயிட்டுச் சில்லறையை இங்கயே உட்டா, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காம செத்துப்போகும்னாங்க. இதுல எதாச்சும் ரகசியமா? காந்தி மார்க்கெட்டுல ஒரு ராத்திரி மூட்டை தூக்கறவர்கூட நின்னிருந்தா ஒரு டீச் செலவுல தெரிஞ்சிருக்கும். 77 கோடி செலவு பண்ணித் தெரிஞ்சுக்கிட்டாங்க.

கேஸு, கோர்ட்டு எல்லாம் நடந்துச்சு. 2020-ல கொரோனா வந்து காந்தி மார்க்கெட்டையே பூட்டுனப்பகூட, மொத்த வியாபாரம் பொன்மலைப் பக்கம் ஜி கார்னர் மைதானத்துல தகரத்தைப் போட்டுக்கிட்டு நடந்துச்சே தவிர, கள்ளிக்குடிக்குப் போகலை. யோசிச்சுப் பாரு, கூரை போட்ட கடை காலியாக் கெடக்குது, வியாபாரி வெட்டவெளியில சேத்துல நிக்கறான். எடம் அவ்வளவு முக்கியம் அவனுக்கு. அப்புறம் பஞ்சப்பூர்ல புது பஸ் ஸ்டாண்டோட சேத்து இன்னொரு மார்க்கெட்டுக்கும் வேலையை ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவையாச்சும் மூட்டை தூக்கறவரைக் கூப்புட்டுக் கேட்டிருந்தாங்கன்னா சந்தோசம்.

அதுக்காக சந்தையை எடம் மாத்தவே முடியாதுன்னு அந்த இன்னொரு கட்சிக்காரங்ககூடச் சேந்துக்காதே. மெட்ராஸ் கொத்தவால் சாவடியைப் பத்திக் கேட்டிருக்கியா? பாரிமுனைக்குப் பக்கத்துச் சந்து, அழுகுன முட்டைக்கோசு மேலதான் நடக்கோணும். அதை 1996-ல கோயம்பேட்டுக்குத் தூக்குனாங்க. 295 ஏக்கரு, மூவாயிரத்துக்கும் மேல கடை, கடையைச் சொந்தமா வாங்கிக்க வியாபாரிக்கு வழி. பழைய எடத்துல மொத்த வியாபாரம் கூடாதுன்னு ஒரு சட்டத்தையே போட்டாங்க. அப்பவும் வியாபாரிங்க மொனகாம இல்லை. ஆனா போனாங்க, பொழைச்சாங்க. கள்ளிக்குடிக்கும் கோயம்பேட்டுக்கும் சிமெண்ட்டுல ஒண்ணும் வித்தியாசமில்லை. ஒண்ணுல வியாபாரிக்குக் கையில பத்திரமும் நிக்க எடமும் குடுத்தாங்க. இன்னொண்ணுல திறப்பு விழா அழைப்பிதழ் குடுத்தாங்க.

ரெண்டாவது காரியம், இதைக் கொட்டை எழுத்துல எழுதிக்கோ. கட்டி முடிக்கறதுக்கு முன்னாலயே கடையைத் துண்டு துண்டா வித்துப்போடு. கட்டறவனுக்கு உடனே காசு, வாங்கறவனுக்கு ‘மாலுல எனக்கும் ஒரு கடை’ன்னு மீசை முறுக்கல். மாலோட கதி என்ன ஆகும்னு கேக்கறியா? அதுக்கு நீ மெட்ராஸ் வரைக்கும் போகோணும்.

மவுண்ட் ரோட்டுல ஸ்பென்சர். 1863-ல டூரண்டு, ஸ்பென்சர்னு ரெண்டு வெள்ளைக்காரங்க சின்னதா ஆரம்பிச்ச கடை. 1895-ல செவப்புக் கட்டடமா அரமணைக்குப் போட்டியா நின்னுச்சு. துரைமாருக்குச் சுருட்டுல இருந்து சோடா வரைக்கும் அங்கதான். எண்பதுகள்ல தீப்புடிச்சு எரிஞ்சுது. அந்த எடத்துல ஸ்பென்சர் பிளாசான்னு புதுசாக் கட்டி, 1991-ல மொதப் பகுதியத் தெறந்தாங்க. அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனாங்க. உன்ற அம்மா கல்யாணத்துக்கு முன்னால ஒருக்கா நாங்க மெட்ராஸ் போனப்ப அதுக்குள்ள போயி வெளிய வர வழி தெரியாம மூணு சுத்துச் சுத்துனோம். உன்ற அமுச்சி, வாசல்ல இருந்த காவல்காரர்கிட்ட “ஏனுங், இதுல பொடக்காளி வழி எங்கீங்க இருக்குது”ன்னா. தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல மாலுன்னா அதுதான். வெளியூர்க்காரன் மெரினாவைப் பாத்துட்டு அடுத்து அங்கதான் போவான்.

இப்ப? கட்டடம் இருக்குது, கடையும் இருக்குது, அந்தக் கூட்டந்தான் இல்லை. பக்கத்துலயே 2010-ல எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்துச்சு, 2013-ல வேளச்சேரியில பீனிக்ஸ் வந்துச்சு, அதனாலதான்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது பாதிதான். மீதிப் பாதி நம்ம ஊட்டுச் சமாச்சாரம்.

நம்ம வடக்காலத் தோட்டத்துக் கெணறு தெரியுமில்ல? எங்க பாட்டன் வெட்டுனது. அவரு இருந்தவரைக்கும் ஒரு ஆளு, ஒரு ஏத்தம், ஒரு பேச்சு. அவருக்கு அப்புறம் நாலு பங்காளி. ஆளுக்கு ஒண்ணே முக்கா நாளு தண்ணி மொறை. தண்ணி எடுக்கறதுக்கு நாலு பேரும் விடியறதுக்கு முன்னால வந்துருவாங்க. தூர் வாரோணும்னா ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தரு ஒரம்பரை ஊட்டுக்குப் போயிருப்பாரு, ஒருத்தரு “எனக்குத் தண்ணி போதுமுங்க, வேணுங்கறவங்க வாரிக்கட்டும்”பாரு. மோட்டாரு கருகுச்சுன்னா, யாரு மொறையில கருகுச்சோ அவந்தான் கட்டோணும்னு பஞ்சாயத்து. கடைசியில என்னாச்சு? தண்ணி இருந்துச்சு, கெணறு இருந்துச்சு, வெள்ளாமை இல்லை. ஒருத்தன் பங்கை வித்துட்டுப் போலாம்னா, கூட்டுக் கெணத்துல கால் பங்கை எவன் வாங்குவான்?

துண்டு துண்டா வித்த மாலும் இதேதான் கண்ணு. நூத்துக்கணக்குல ஓனரு. ஒருத்தரு துபாய்ல, ஒருத்தரு தூத்துக்குடியில. ஒருத்தரு கடைக்குள்ள செல்போன் கவர் விக்கறாரு, பக்கத்துக் கடைக்காரரு பூட்டிப்போட்டு வெலை ஏறட்டும்னு காத்திருக்காரு. இந்த வரிசையில துணிக்கடை வரட்டும், அந்த முக்குல திங்கற கடை வரட்டும்னு சொல்றதுக்கு ஒரு ஆளு கெடையாது. அந்த எக்ஸ்பிரஸ் அவென்யூல கடையை விக்கலை, வாடகைக்குத்தான் உட்டாங்க. எந்தக் கடை எங்க நிக்கோணும், எது போகோணும்னு ஒரு எடத்துல முடிவு பண்ணலாம். அங்க நல்லவங்க, இங்க கெட்டவங்கன்னு நாஞ் சொல்ல வல்லை. சாவிக்கொத்து ஒரு கையில இருந்தா ஒரு மாதிரி, நூறு கையில இருந்தா வேற மாதிரி.

இதுல கட்டறப்ப வர்ற சண்டை பத்தாது. பழசாப் போயி இடிக்கறப்ப வரும் பாரு சண்டை! உங்க மாதிரிப் பசங்களுக்கு முப்பது வருசம் கழிச்சு அதுதான் சோலி. எல்லா ஓனரும் ஒத்துக்கிட்டாத்தான் இடிக்கலாம்னா, ஒரு பங்காளி போதும், ஒன்பது வருசம் இழுக்கறதுக்கு. தமிழ்நாட்டுல அடுக்குமாடிக்காரங்களுக்கு 2022-ல ஒரு புதுச் சட்டம் போட்டாங்க. ஓனருங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆளு சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம்னு. சிங்கப்பூர்ல பத்து வருசத்துக்கு மேல ஆன கட்டடம்னா நூத்துக்கு எண்பது பங்கு. அங்க பீச் ரோட்டுல கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸுன்னு ஒண்ணு, 1973-ல கட்டுனது, கீழ கடை, மேல ஊடு. தாய்லாந்துக்காரங்க சோத்துக்கடையும், எல்லை தாண்டிப் போற பஸ் டிக்கெட்டுக் கடையுமா நெறஞ்சு கெடந்துச்சு. ஓனருங்க சேந்து 2022-ல 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு வித்தாங்க. கட்டடத்தை இடிக்கப்படாது, பழைய அடையாளம்னு அரசாங்கம் சொல்லிப்போட்டுது. அதனால கட்டடம் தப்பிச்சுது. உள்ள இருந்த சோத்துக்கடைக்காரங்க மூட்டையைக் கட்டுனாங்க. மண்ணோட சந்தையைக் காப்பாத்தோணும்னு கத்தறாருன்னு சொன்னேனே, அவர்கிட்ட இதைக் கேட்டுப்பாரு. செவுத்தைக் காப்பாத்தோணுமா, செவுத்துக்குள்ள இருந்தவனைக் காப்பாத்தோணுமான்னு. பதில் சொல்றதுக்குள்ள பார்சல்காரன் வந்துருவான்.

மாலுன்னா நூறு வருசம் நிக்குமுன்னு நெனைக்காதே. புரசைவாக்கத்துல அபிராமி தியேட்டரை மெகா மாலாக்குனாங்க. அதையும் பொறவு மூடிட்டு அடுக்குமாடி ஊடு கட்டப் போயிட்டாங்க. நம்ம கோயமுத்தூரையே எடுத்துக்கோ. 1910-ல ஆரம்பிச்ச லட்சுமி மில்லு, அவினாசி ரோட்டுல அந்தப் பேருலயே பஸ் ஸ்டாப்பு. சங்கு ஊதுனா அக்கம்பக்கத்து ஊட்டுல அடுப்புப் பத்தவெப்பாங்க. 2023-ல அதே காம்பவுண்டுக்குள்ள லூலு வந்து, நூலு நூத்த எடத்துல இப்பத் தள்ளுவண்டியத் தள்ளிக்கிட்டு ஆப்பிளை மோந்து பாக்கறாங்க. நானும் போயி மோந்தேன். வாசமில்லை, வெலை இருந்துச்சு.

மூணாவது காரியத்தைச் சுருக்கமாச் சொல்றேன். இடிக்கற தேதியச் சொல்லு, கட்டி முடிக்கற தேதியச் சொல்லாதே. நடுவுல கடைக்காரன் எங்க உக்காருவான்னு எவனாச்சும் கேட்டா, “மாற்று ஏற்பாடு பரிசீலனையில் உள்ளது”ன்னு சொல்லிட்டுக் காருல ஏறிக்கோ. மேல மலையிலதான் இதுக்குப் பாடம். ஊட்டி மார்க்கெட்டுல 2021-ல வாடகை பாக்கின்னு கடைகளுக்குச் சீல் வெச்சாங்க, அப்புறம் இடிச்சுக் கட்டற வேலை. குன்னூர் மார்க்கெட்டையும் இடிச்சுக் கட்டறோம்னு நகராட்சி கெளம்புனப்ப, “அதுவரைக்கும் எங்களை எங்க வெப்பீங்க, கட்டுனதும் எங்களுக்கே தருவீங்களா, வாடகை எத்தனை”ன்னு வியாபாரிங்க மறிச்சுக்கிட்டாங்க. இந்த மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் குடுத்தா பாதிச் சண்டை அங்கயே முடிஞ்சிரும். ஆனா எழுத்துல குடுத்தா அப்புறம் மாத்திச் சொல்ல முடியாதே! அந்தக் கஷ்டமும் இருக்குதில்ல.

தற்காலிகக் கடைன்னா எல்லாரும் ஆறு மாசம்னுதான் நெனைப்பாங்க. ஒரு காய்கறிக்காரம்மா ஒரு எடத்துல உக்காந்து வாடிக்கை புடிக்கப் பல வருசம் ஆவுது. ஆறே மாசம் நாலு தெரு தள்ளி உக்கார வெச்சீங்கன்னா, வாடிக்கை வேற கடைக்குப் பழகிப்போயிரும். அவ திரும்பி வந்து பளிங்குத் தரையில உக்காந்து ஈ ஓட்டுவா. பளிங்குத் தரையில ஈயும் வராது, அந்தச் சோலியும் இருக்காது.

உன்ற தங்கச்சி அம்முணி கட்டடப் படிப்புப் படிக்கறாளே, அவ லீவுக்கு வந்தப்ப ஒரு கதை சொன்னா. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. விக்டர் குரூன்னு ஒரு மனுசன், வியன்னாக்காரன். ஹிட்லரு ஆளுங்க உள்ள வந்தப்ப, 1938-ல தப்பிச்சு அமெரிக்கா போனவன். அங்க ஊருன்னா காரு, ரோடு, காரு. சனங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேச ஒரு எடமில்லை. எங்கூரு வீதியில காபி குடிச்சுட்டு உக்காந்து பழமை பேசுவோமே, அதை இங்கயும் கொண்டாறேன்னு 1956-ல மினசோட்டாவுல எடைனாங்கற ஊருல சௌத்டேல்னு ஒரு மாலு கட்டுனான். கூரை போட்டு, நடுவுல முத்தம் வெச்சு, மூடுன மாலுக்கெல்லாம் அதுதான் மூத்தது. அவன் போட்ட திட்டத்துல மாலைச் சுத்தி ஊடு, பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, பூங்கா எல்லாம் இருந்துச்சு. கட்டறவங்க மாலை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மீதி எடத்துலயெல்லாம் காரை நிறுத்துனாங்க. அதைப் பாத்து உலகம் பூராவும் கட்டுனாங்க. அந்த மனுசன் வெறுத்துப்போயி ஊரு திரும்புனான். அங்க போனா வியன்னாவுக்குத் தெக்கால, 1976-ல அவன் கண்ணு முன்னாலயே ஒரு பெரிய மாலு எந்திரிச்சு நிக்குது! இதெல்லாம் என்ற புள்ளையே இல்லைன்னு பொறவு சொல்லிட்டான். சிரிக்காதே, பாவம் மனுசன். இப்ப அந்தச் சௌத்டேல்ல காரு நிறுத்துன எடத்துல ஊடு கட்டியிருக்கறாங்களாம். அறுபது வருசம் சுத்தி, அவன் மொதல்ல போட்ட கோட்டுலயே வந்து நிக்கறாங்க.

அந்த வியன்னாக்காரன் நம்மூருக்கு மாசி மகத்துக்கு வந்திருந்தா அமெரிக்காவுல அத்தனை பாடுபட்டிருக்க மாட்டான். அரங்கநாதர் தேர் நோம்பிக்கு ரத வீதியில பாரு. ராத்திரியோட ராத்திரியா ஒரு ஊரே கடையா வந்து எறங்குது. வளையலு, பொரி, பாத்திரம், ராட்டினம். தண்ணீர் சேவை, பந்த சேவைன்னு பாக்க வந்த சனம் அப்படியே நாலு சாமான் வாங்கிட்டுப் போவுது. கட்டடமும் இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. நோம்பி முடிஞ்சா வீதி மறுக்கா வீதி. உங்க மாலை எங்க கட்டுனாலும் சரி, தேரு திரும்பற முக்குல மட்டும் அதோட படிக்கட்டு நீட்டிக்கிட்டு நிக்காமப் பாத்துக்கோங்க. அரங்கநாதரு மாலுக்காக ரிவர்ஸ் எடுக்க மாட்டாரு.

இன்னொண்ணையும் கண்ணைத் தொறந்து பாரு. நம்மூர்ல சாமான் வாங்கறது யாரு? மேக்கால வெள்ளியங்காடு, தோலம்பாளையத்துப் பக்கத்துல இருந்து பஸ்ஸுல வர்றவங்க. மலையடிவாரத்து இருளர் சனம். கறிவேப்பிலைக் காட்டுல உருவற வேலை முடிச்சு, சனிக்கெழமைக் கூலியோட வர்ற பொம்பளைங்க. அவுங்க கையில பையும் மடியில கொழந்தையும் இருக்கும், கடைசி பஸ்ஸுக்கு நேரம் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அவுங்களுக்கு வேண்டியது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, சுத்தமா ஒரு கக்கூஸு, கொழந்தைக்குப் பால் குடுக்க ஒரு மறைவு. இந்த மூணும் உன்ற மனுவுல எந்தப் பக்கத்துல இருக்குது? திருப்பு பாக்கலாம். இல்லியா? உணவுத் திடல் இருக்குது, குழந்தைகள் விளையாட்டரங்கம் இருக்குது, செல்ஃபி எடுக்கற மேடைகூட இருக்குது. நான் பொய்யி சொல்லலை, நீயே ஒன்பதாம் நம்பர்ல எழுதி வெச்சிருக்கறே.

பூக்காரம்மாளை ரெண்டாவது மாடியில போட்டிருக்கறதையும் பாத்தேன். நல்ல ரோசனை. மல்லிப்பூ வாங்கறவ கோயிலுக்குப் போற வழியில வாங்குவா, மாடியேறி வாங்க மாட்டா. அதனால வெடியால கொண்டாந்த பூவு பொழுதோட அப்படியே இருக்கும். மறு நாளைக்குப் புதுசு வாங்கற செலவு மிச்சம். கீழ்த்தளத்துல யாரைப் போட்டிருக்கறே? நகைக்கடை, செல்போன் கடை. அவுங்களைத் தேடி எத்தனை மாடி வேண்ணாலும் ஏறி வருவாங்க. ஆளு ஏறி வராத கடையை மேல போடறதும், ஏறி வர்ற கடையைக் கீழ போடறதும் எந்த காலேஜுல சொல்லித் தர்றாங்க?

நான் வேண்டாங்கலை அப்புனு. கட்டுங்க. ஒழுகற கூரைக்கு அடியில, சாக்கடை மேல பலகை போட்டுக்கிட்டு வியாபாரம் பண்றதுல ஒண்ணும் பெருமை இல்லை. பழசு பழசுன்னு கண்ணுல தண்ணி உடறவங்க ஒரு மழை நாளு அந்தக் கடையில நின்னு பாக்கட்டும். ஆனா மனுவுல மொத வரியை மாத்திப்போடு. ‘நீண்ட நாள் கனவு’ எல்லாம் வேண்டாம். கட்டடம் யாரு பேருல இருக்கும், சாவிக்கொத்து யாருகிட்ட இருக்கும்னு கேளு. இப்ப உக்காந்திருக்கறவங்க பட்டியலை எடுத்து, ஏலத்துல எடுத்தவன் பேரை இல்லை, உள்ள உக்காந்திருக்கறவன் பேரை எழுதச் சொல்லு. அந்தப் பட்டியலு வந்தாலே பாதிப் பேரு கூட்டத்துக்கு வரமாட்டாங்க, பாரு. நடுவுல எங்க உக்கார வெப்பீங்க, எத்தனை மாசம், அதுக்கு மேல ஆனா வாடகை யாரு தருவாங்கன்னு கேளு. புது வாடகையைக் கட்டறதுக்கு முன்னாலயே சொல்லச் சொல்லு. கட்டி முடிச்சதும் லிப்டுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுவாங்கன்னும் கேளு, டீக்கடையில ஏற்கனவே அது ரிப்பேரா நிக்குதில்ல. கக்கூஸை மொதல்ல வரையச் சொல்லு, அதைச் சுத்திக் கடையை வரஞ்சுக்கட்டும்.

பேனாவைக் குடு. கையெழுத்துப் போட்டாச்சு, எழுத்து கோணலா இருந்தா கண்ணாடி மேல பழியப் போட்டுக்கோ. நாளைக்குக் கூட்டத்துக்குப் போறப்ப யாரை வேண்ணாலும் கூட்டிட்டுப் போ, உன்ற மாமனை மட்டும் கூப்புடாதே. ஆமா, என்ற மவனைத்தான் சொல்றேன். செங்கல்லே எறங்காத மாலுல கீழ்த்தளத்து முக்குக் கடைக்கு ஒரு புரோக்கருகிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டு ஊட்டுல மூச்சு உடாமத் திரியறான். ரசீது வாங்குனியாடான்னு கேட்டேன். சாவி தர்றப்பச் சேத்துத் தர்றாங்களாம்.